பத்து ஆனால்தான் சாப்பாடு

ஏனுங்கம்மா, ஒரு நிமிஷம். தப்பாக நினைக்க மாட்டீங்களே? நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து நீங்க மூன்று தடவை அந்தக் கதவைத் திறந்து உள்ளே போய் வந்துவிட்டீங்க. முதல் தடவை வெந்நீர் ஃபிளாஸ்க். இரண்டாவது தடவை பழைய வேட்டித் துணி. மூன்றாவது தடவை கையில் ஒன்றும் இல்லை, சும்மா போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தீங்க. வேவு பார்த்தேன் என்று நினைக்காதீங்க. எனக்கு எண்ணிப் பழக்கம், அவ்வளவுதான்.

உங்கள் மருமகளுக்கு நேற்றே பையன் பிறந்துவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. சந்தோஷமுங்க. நல்லா இருக்கட்டும்.

கதவில் எழுதிப் போட்டிருக்கிறார்கள், பெண்களுக்கு மட்டும்தான் அனுமதி என்று. அது சரிதான். பிள்ளை பெறுகிற இடத்தில் ஆம்பளைக்கு என்ன வேலை? ஆனால் என் மகள் உள்ளே இருக்கிறாள். கூடப் போய் நிற்க எங்கள் பக்கம் ஒரு பெண் இல்லை. பக்கத்து வீட்டு ருக்குமணி வருகிறேன் என்றுதான் சொன்னாள். அப்புறம் பேத்திகள் இரண்டு பேரை யார் பார்ப்பது? அதனால் அவளை வீட்டில் விட்டுவிட்டு நான் வந்தேன். வந்து இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்கலாமா வேண்டாமா என்று அரை மணி நேரமாக யோசனை. பெரிய உதவி ஒன்றும் இல்லை. இந்த நோட்டை உள்ளே கொண்டுபோய் டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும். ஆனால் விஷயத்தைச் சொல்லாமல் கையில் கொடுத்தால், நீங்க என்னவென்று சொல்லிக் காட்டுவீங்க? அதனால் கொஞ்சம் கேளுங்க. சுருக்கமாகத்தான் சொல்வேன்.

என் பேர் நாச்சிமுத்து. கோழிப்பண்ணையில் முட்டைக் கணக்கு எழுதினேன். இருபத்தாறு வருஷமுங்க. ஆறாவது வரைக்கும்தான் படிப்பு, ஆனால் கணக்கில் ஒரு முட்டை பிசகியது கிடையாது. ஒரு அட்டைக்கு முப்பது முட்டை. பெண்கள் கோழி ஷெட்டிலிருந்து அட்டையைக் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். நான் அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதுவேன். பெண்களையே பார்த்துக்கொண்டு உட்கார எனக்குக் கூச்சம். அட்டை வைக்கிற சத்தம் கேட்கும், ஒரு கோடு போடுவேன். அடுத்த சத்தம், அடுத்த கோடு. மற்றவர்கள் கண்ணால் எண்ணுவார்கள், பேச்சுக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். நான் காதால் எண்ணுகிறவன்.

என் மகள் பேர் சுகந்தி. இது அவளுக்கு மூன்றாவது. முதல் இரண்டும் சுகப்பிரசவம். அப்போது என் வீட்டுக்காரி பாவாயி இருந்தாள். எல்லாம் அவளே பார்த்துக்கொண்டாள். நான் பண்ணையில் இருப்பேன். ஆள் வந்து சொல்லும், பிறந்துவிட்டது என்று. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பிரசவம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பாவாயிக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். ஆபரேஷன் தியேட்டருக்குள் நடந்துதான் போனாள். செருப்பைக் கழற்றி என் பக்கமாகத் தள்ளிவிட்டு, "பாத்துக்குங்க, ஆராச்சும் எடுத்துட்டுப் போயிருவாங்க" என்றாள். கதவுக்கு வெளியே பதினோரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். செருப்பை யாரும் எடுக்கவில்லை. நான்தான் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அதனால் எனக்குக் கத்தி என்றால் ஆகாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளைக்கு லாரி. முட்டை லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருக்கிறார், திரும்பி வர நாலு நாள் ஆகும். சுகந்தி மூன்றாம் தேதியே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். சம்பந்தியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "மூணாவதுக்கெல்லாம் ஆருங்க அம்மா ஊட்டுக்குப் போறாங்க? அதும் அம்மாவே இல்லாத ஊட்டுக்கு?" என்று போனில் எனக்கே கேட்கிற மாதிரி பேசினார்கள். சுகந்தி விடவில்லை. "எங்கப்பாவுக்குச் சக்கரைங்க அத்தை. நேரத்துக்கு ஒரு வாய் ஆக்கிப் போட ஆளில்லை. ஆரு பாக்கறது?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அது ஒரு சாக்கு. அப்படிச் சொன்னால்தானே அவர்கள் விடுவார்கள். உண்மையில் நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வேன் என்றுதான் வந்தாள். பார்த்துக்கொண்டேன். காலையில் அவள் காபி கொண்டுவந்து கொடுத்ததும் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், மத்தியானம் அவள் சாப்பாடு போடும் வரைக்கும் நான் எழுந்தது கிடையாது.

அங்கே உட்கார்ந்து எதைக் கணக்கெடுத்தேன் என்று சொல்லவில்லையே. நாலாம் தேதி ஊர் நர்சம்மா வீட்டுக்கு வந்தது. உள்ளே அவளைப் படுக்க வைத்துப் பார்த்தது. நான் வெளியில்தான் இருந்தேன். சன்னல் திறந்திருந்தது, பேச்சுக் கேட்டது.

"சுகந்தி, இருபத்தஞ்சாம் தேதி குடுத்திருக்காங்க. இனி தெனமும் பிள்ளை அசையறதை எண்ணோணும். காலையில எந்திரிச்சதுலருந்து பொழுது சாயறதுக்குள்ள பத்துத் தடவை அசையோணும். கொறைஞ்சா, வலி வரட்டும்னு உக்காந்திருக்கக் கூடாது. அடுத்த வண்டி புடிச்சு வந்துரோணும். தெரியுதா?"

"எனக்கு எங்கீங்க்கா எண்ணறதுக்கு நேரம்? இதுக ரெண்டுத்தையும் கட்டி மேய்க்கறதுக்கே சரியா இருக்குது."

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சன்னல் பக்கம் பார்க்காமல், "எண்ணறதை நான் பாத்துக்கறனுங்க" என்றேன்.

 நர்சம்மா சிரித்தது. "ஏனுங்கய்யா, வயித்துக்குள்ள அசையறதை வாசல்ல உக்காந்து எப்பிடீங்க எண்ணுவீங்க?"

 காது சுட்டது. ஒரு அப்பன், மகளிடம் போய், இப்போது அசைந்ததா, இப்போது அசைந்ததா என்று கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? அவள்தான் சொல்வாளா? ருக்குமணி வேறு சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறாள். "ஏனுங்ண்ணா, உட்டா நீங்களே பெத்துப் போடுவீங்களாட்ட இருக்குது!" என்றாள். அன்றைக்கு முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சுகந்திதான் வழி கண்டுபிடித்தாள். சாயங்காலம் வந்து, என்னைப் பார்க்காமல் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள். "ஏனுங்கப்பா, நான் ஒண்ணு பண்றேன். சன்னல்ல ஒரு சில்வர் டம்ளர் வெச்சுக்கறேன். புளியங்கொட்டை பத்து எடுத்து மடியில வெச்சுக்கறேன். அசைஞ்சா ஒண்ணைப் போடறேன். சத்தம் கேட்டா நீங்க எழுதிக்குங்க. நீங்களும் கேக்க வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம்."

என் மகள் என்பதால் சொல்லவில்லை, எவ்வளவு புத்தி பாருங்க.

இதுதான் அந்த நோட்டு. பண்ணை நோட்டு, மிச்சப் பக்கங்கள். ஒரு தேதிக்கு ஒரு வரி, ஒரு வரிக்குப் பத்துக் கட்டம். சத்தம் கேட்ட மணியை அந்தந்தக் கட்டத்தில் எழுதியிருக்கிறேன். ஐந்தாம் தேதியிலிருந்து இன்றைக்கு இருபத்தொன்று வரைக்கும் பதினேழு நாள். ஒரு கட்டம் காலி இல்லை. நர்சம்மா பொழுது சாய்கிற வரைக்கும் என்றுதான் சொன்னது. ஆனால் இவளுக்குப் பெரும்பாலும் பதினோரு மணி, பதினொன்றரைக்குள் பத்தும் விழுந்துவிடும். அதனால் நானாக ஒரு ஏற்பாடு வைத்துக்கொண்டேன். பத்து ஆனால்தான் மத்தியானச் சாப்பாடு. பண்ணையிலும் அப்படித்தான். கணக்கு முடியாமல் நான் சோற்றுத் தூக்குப்போசியைத் திறந்ததே இல்லை.

ஒன்பதாம் தேதி மட்டும் பிள்ளை தூங்கிவிட்டது போல. பத்தாவது விழும்போது மணி இரண்டு. நான் சர்க்கரை மாத்திரையைப் பன்னிரண்டரைக்கே போட்டுவிட்டேன். எழுதிவிட்டு எழுந்தேன், கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. நாற்காலியோடு சரிந்துவிட்டேன். அவள் அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றினாள். பெரிய பேத்தி தன்ஷிகா, "அப்புச்சி செத்துப்போயிருவாங்களாம்மா?" என்று கேட்டு அழுகிறாள்.

சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி இப்பிடிச் செய்யாதீங்கப்பா. மாத்திரை போட்டா உடனே சாப்புட்ரோணும். எண்ணறது அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள்.

"பத்து வந்திருச்சல்ல?" என்றேன்.

"வந்திருச்சுங்கப்பா."

"அப்புறமென்ன?"

அவள் சோற்றைத் தட்டில் போட்டு நீட்டினாள். நான் ஏற்பாட்டை மாற்றவில்லை. ஒரு நாள் மாற்றினால் அப்புறம் அது கணக்கே இல்லை.

பன்னிரண்டாம் தேதி அவளுக்கு இடுப்பில் வலி வந்தது. நூற்றெட்டுக்குப் போன் போட்டேன். இங்கேதான் வந்தோம். பார்த்துவிட்டு, "இது சூட்டு வலிங்க. வெயில் காலம் பாருங்க. சீரகத் தண்ணி காய்ச்சிக் குடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பதினேழாம் தேதி மறுபடியும் வலி. மறுபடியும் வந்தோம். மறுபடியும் சூட்டு வலி. அன்றைக்கு இருந்த சிஸ்டர் கொஞ்சம் விளையாட்டுப் பேச்சு. "என்னங்க தாத்தா, மறுக்காவுமா? வலி அவங்களுக்கா உங்களுக்கா?" என்று கேட்டது. இந்தப் பெஞ்சிலும் அந்தப் பெஞ்சிலுமாக எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேரும் சிரித்தார்கள். சுகந்தியும் சிரித்தாள், ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

எனக்கு நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே ஆகாது. எட்டுப் பேர். பஸ்ஸில் திரும்பிப் போகும்போது அவளிடம் சொன்னேன். "கண்ணு, இனி சும்மா சும்மா வர வேண்டாம். கணக்குக் கொறைஞ்சா வருவோம். பத்து இருந்துச்சுன்னா ஊட்டுலயே இருந்துக்கலாம். நோட்டு சொல்லட்டும்."

"செரீங்கப்பா" என்றாள்.

சொன்னால் சொன்னபடி கேட்கிற பிள்ளை. சின்ன வயசிலிருந்தே அப்படி.

இப்போது இந்த மூன்று நாள் கதைக்கு வருகிறேன். இதற்காகத்தான் நோட்டை உள்ளே அனுப்ப வேண்டும் என்கிறேன்.

பத்தொன்பதாம் தேதி, ஆறாவது கொட்டை விழுந்தது பதினொன்று பத்துக்கு. எழுதினேன். அப்புறம் சத்தமே இல்லை. பன்னிரண்டு ஆனது. மாத்திரை போட்டுக்கொண்டேன். ஒன்று ஆனது. உள்ளிருந்து, "அப்பா, சாப்பிட வாங்க" என்றாள்.

"இன்னும் நாலு இருக்குதே கண்ணு."

"அது வரும்ப்பா. நீங்க சாப்புடுங்க."

"ஆகட்டும், ஆகட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து சன்னலுக்கு வந்து என் கையைப் பார்த்தாள். என் கை நடுங்கிக்கொண்டிருந்தது, நான் பேனாவை இரண்டு விரலில் இறுக்கிப் பிடித்திருந்தேன். உள்ளே போய்விட்டாள். அப்புறம் பாருங்க, டிங் என்று ஒன்று. ஒன்று நாற்பத்திரண்டு. எழுதி முடிப்பதற்குள் இன்னொன்று. நாற்பத்து நாலு. நாற்பத்தாறு. நாற்பத்தெட்டு. வரிசையாக நாலு! எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. ருக்குமணியைக் கூப்பிட்டு, "பாத்தியா, ஒறங்கி எந்திரிச்சு அப்பிடியே நாலு உதை" என்று, என் கூச்சத்தை எல்லாம் விட்டுவிட்டுச் சொன்னேன்.

நேற்று, இருபதாம் தேதி. காலையில் ஐந்து. அப்புறம் பன்னிரண்டரைக்கு ஆரம்பித்தது. முப்பது, முப்பத்தைந்து, நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது. ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று, அச்சில் வார்த்த மாதிரி. ஒரு மணிக்குள் முடிந்துவிட்டது. ஒரே ஒரு குறை, நான் எழுந்து உள்ளே போனால் சோறு தட்டில் போட்டு ஆறிப்போய் இருந்தது. "என்ன கண்ணு, ஆறிப்போச்சே" என்றேன். "அப்பவே போட்டு வெச்சுட்டனுங்கப்பா" என்றாள்.

இன்றைக்கு, எட்டு பதினைந்துக்கு ஒன்று. ஒன்பது ஐம்பதுக்கு ஒன்று. அப்புறம் சரியாகப் பன்னிரண்டு அடித்ததும் ஆரம்பித்தது பாருங்க, மூன்று நிமிஷத்துக்கு ஒன்று, எட்டுக் கொட்டை. பன்னிரண்டு இருபத்தொன்றுக்குப் பத்தும் முடிந்தது. நாளுக்கு நாள் சீக்கிரமாக முடிகிறது. பிள்ளை சுறுசுறுப்பாகிவிட்டது, நாள் நெருங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

கை கழுவிவிட்டு வந்தால், சுகந்தி சேலையை மாற்றிக்கொண்டு பையோடு நிற்கிறாள். "ஆஸ்பத்திரிக்குப் போலாங்கப்பா."

"வலியா?"

"இல்லீங்க."

"பின்னே?"

"ஒரு மாதிரியா இருக்குதுங்கப்பா."

"பத்து இருக்குதே கண்ணு. இப்பத்தானே முடிஞ்சுது."

 தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அப்புறம் அவளே நூற்றெட்டுக்குப் போன் பண்ணினாள். நான் வண்டியில் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன், மூன்றாவது தடவையாக நம்மைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள், சிரிக்கப் போகிறார்கள் என்று. அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

யாரும் சிரிக்கவில்லைங்க. வயிற்றில் ஒரு பட்டையைக் கட்டினார்கள். ஒரு மெஷின் தாளில் கோடு கோடாக அடித்தது. அந்த விளையாட்டுப் பேச்சு சிஸ்டர்தான் இன்றைக்கும். அதைப் பார்த்துவிட்டு முகம் மாறிப் போனது. "எப்ப இருந்துங்க அசைவு கொறைஞ்சுது?" என்று கேட்டது.

சுகந்தி, "மூணு நாளாங்க" என்றாள்.

நான் திறந்திருந்த கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். என்னால் பொறுக்க முடியவில்லை. "இல்லீங்க! பத்துங்க. நோட்டு இருக்குது பாருங்க, பத்துக்குப் பத்து" என்று நீட்டினேன். சிஸ்டர் என்னையும் பார்த்தது, அவளையும் பார்த்தது. சுகந்தி என்னைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

அப்புறம் வெளியில் வந்து சிஸ்டர் என்னிடம் தனியாகச் சொன்னது. "பெரியவரே, துடிப்பு இருக்குது. ஆனா வேகம் கொறைஞ்சு கொறைஞ்சு ஏறுது. டாக்டரம்மா இன்னொரு கேஸ்ல இருக்காங்க, வந்துருவாங்க. உங்க பொண்ணு மூணு நாளா கம்மிங்குது. நீங்க பத்துங்கறீங்க. எதுங்க நெசம்? அதையும் வெச்சுத்தான் உடனே ஆபரேஷன் பண்றதா, கொஞ்சம் பொறுத்துப் பாக்கறதான்னு சொல்லுவாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

நான் யோசிப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டது. மறுபடி தட்டினேன். காவலுக்கு இருக்கிற அந்த அம்மா, "ஆம்பளையாளு இங்க வந்து தட்டக் கூடாது" என்று விரட்டிவிட்டது.

இதுதானுங்க விஷயம். மகள் சொல்வதைக் கேட்டு அவர்கள் கத்தியை வைத்துவிடுவார்கள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. பயந்துவிட்டாள், அல்லது நாள் குழம்பிவிட்டது. வீட்டு வேலை, பேத்திகள், அவளுக்கு எங்கே ஞாபகம் இருக்கும்? நோட்டில் மணி போட்டு எழுதியிருக்கிறது. நீங்க இதைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும். சுகப்பிரசவம் ஆகட்டும் என்று பொறுத்திருப்பார்கள். காட்டுவீங்களா?

என்னங்கம்மா? ஏன் அப்படிப் பார்க்கறீங்க?

சோறா? எந்தச் சோறு?

ஆமாம், நேற்று. ஆறிப்போய்த்தான் இருந்தது. நான் பத்தாவது சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டேன். எழுந்து உள்ளே போக எவ்வளவு நேரம், நாலு எட்டு வைக்கிற தூரம்தான். தட்டில் சோறு, குழம்பு, பொரியல், எல்லாம் இருந்தது. ஆறி.

எப்போது போட்டு வைத்தாள் என்றால்... அப்பவே போட்டு வைத்துவிட்டேன் என்றாள். பத்து முடிவதற்கு முன்னால்தான். ஆறியிருந்தது என்றால் கால் மணி நேரமாவது, இருபது நிமிஷமாவது முன்னால். பன்னிரண்டரைக்கு.

பன்னிரண்டரைக்கு.

பத்து இத்தனை மணிக்கு முடியும் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கறீங்க.

கொஞ்சம் இருங்க. அந்த நோட்டை இப்படிக் கொடுங்க.

கண்ணாடி எங்கே வைத்தேன். இருக்கிறது.

ஐந்தாம் தேதி: ஏழு பத்து, ஏழு நாற்பத்து மூன்று, எட்டு ஐந்து, எட்டு ஆறு, ஒன்பது இருபது. ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. ஆறாம் தேதியும் அப்படித்தான். பதினைந்து, பதினாறு, பதினெட்டு வரைக்கும் அப்படித்தான். பிள்ளை தன் இஷ்டத்துக்கு அசைந்திருக்கிறது. அட்டை கொண்டுவருகிற பெண்களும் அப்படித்தான் வருவார்கள். ஒருத்தி ஓடி வருவாள், ஒருத்தி நின்று பேசிவிட்டு வருவாள். ஒரே அளவாக யாரும் வர மாட்டார்கள்.

நாற்பத்திரண்டு, நாற்பத்து நாலு, நாற்பத்தாறு, நாற்பத்தெட்டு.

முப்பது, முப்பத்தைந்து, நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது.

பன்னிரண்டு. மூன்று. ஆறு. ஒன்பது.

இது பிள்ளை போட்டது இல்லைங்க. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போட்டது. பன்னிரண்டு அடித்ததும் ஆரம்பித்திருக்கிறாள். நான் மாத்திரை போடுவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று.

மணி எழுதியது நான்தான். என் காதுதான் கேட்டது. சத்தம் கேட்டது, எழுதினேன்.

அவளாக எப்படிச் சொல்வாள்? பத்து இருந்தால் வர வேண்டாம் என்று நான்தானே சொன்னேன். பத்து ஆகாவிட்டால் சாப்பிட மாட்டேன் என்றும் நான்தானே சொன்னேன். இரண்டையும் நானே சொன்னேன். அவள் எந்தப் பக்கம் போவாள்?

இல்லீங்க, தண்ணீர் வேண்டாம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

இருங்க, கழிக்க வேண்டும். பேனா இருக்கிறது. பத்தொன்பதாம் தேதி பத்தில் நாலைக் கழித்தால் ஆறு. இருபதாம் தேதி ஐந்தைக் கழித்தால் ஐந்து. இன்றைக்கு எட்டைக் கழித்தால் இரண்டு. ஆறு, ஐந்து, இரண்டு. மகள் சொன்னதுதான் சரி. மூன்று நாளாகத்தான்.

இரண்டு. இன்றைக்கு இரண்டே இரண்டு. இப்போது மணி என்ன ஆகிறது? நாலு ஐந்து. ஒன்பது ஐம்பதிலிருந்து நாலு ஐந்து வரைக்கும் ஆறே கால் மணி நேரம் ஒன்றுமே இல்லை. அந்த நேரத்தில் நான் சாப்பிட்டேன். ரசம் இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டேன்.

அம்மா, நீங்க எழுந்திருங்க. தயவுசெய்து இப்போதே போங்க. நோட்டு வேண்டாம், அதைக் காட்டினால் அவர்கள் பத்து என்று படித்துவிடுவார்கள். நீங்க வாயால் சொல்லுங்க. சுகந்தியின் அப்பன் சொன்னான், அவன் கணக்குத் தப்பு, மகள் சொல்வதுதான் நிஜம் என்று சொல்லுங்க. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன் என்று சொல்லுங்க. கத்தி வைக்க வேண்டும் என்றால் வைக்கட்டும். பொறுத்துப் பார்க்க வேண்டாம். காவலுக்கு இருக்கிற அம்மா கேட்டால் உங்கள் மருமகளைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லுங்க.

சுகந்தி பச்சைச் சேலை, சுவர் ஓரத்துக் கட்டில். அவளிடம், அப்பா கோவித்துக்கொள்ளவில்லை என்று...

இல்லீங்க, அது அப்புறம். அது இப்போது வேண்டாம். முதலில் நேரத்தைச் சொல்லுங்க, மறந்துவிடப் போறீங்க. பத்தொன்பதாம் தேதி பதினொன்று பத்துக்கு அப்புறம்தான் குறைந்தது. கடைசியாக அசைந்தது இன்றைக்குக் காலையில் ஒன்பது ஐம்பது. ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க பார்க்கலாம். ஒன்பது ஐம்பது.